பூனைக்கு இன்ஷூரன்ஸ்: எடுக்கலாமா, வேண்டாமா?

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். அந்தக் காலம் வந்தே விட்டது! கறவை மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் கேள்விப்பட்டிருப்பீர்கள். கார், கடை, நம் உடம்பு எல்லாவற்றுக்கும் இன்ஷூரன்ஸ் உண்டு. இப்போது வீட்டுப் பூனைக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் என்று நம் நாட்டிலேயே சில தனியார் கம்பெனிகள் பாலிசி விற்கின்றன.

"சித்த வைத்தியருக்கும் பூனை இன்ஷூரன்ஸுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் என்னிடம் வருகிறவர்களில் பலர் வீட்டில் இன்று பூனை வளர்கிறது. பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போய்விட்ட வீட்டில் அதுதான் பேச்சுத் துணை. அது சாப்பிடாமல் படுத்துக்கொண்டால் இவர்களுக்குத் தூக்கம் போகிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது. சிலர் தங்கள் மருந்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துப் பூனைக்குச் செலவழித்துவிட்டு, "இந்த மாசம் எனக்கு லேகியம் வேண்டாம் டாக்டர், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். வீட்டில் ஒரு உயிர் படுத்தால் அதன் செலவும் கவலையும் குடும்பத்தின் ஆரோக்கியத்தைத்தான் வந்து தொடுகிறது. ஆகவே குடும்ப ஆரோக்கியம் பேசும் இந்தப் பக்கத்தில் பூனைக்கும் இடம் உண்டு.

எடுத்தவுடனே "எடுங்கள்" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்லிவிட்டால் அது சரியான வைத்தியம் ஆகாது. ஒரே கஷாயம் எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளுமா? உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். பேப்பரும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டு இன்ஷூரன்ஸும் பூனை இன்ஷூரன்ஸும் ஒன்றா?

இல்லை. கிராமத்தில் மாட்டுக்குக் காதில் வில்லை போட்டு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோமே, அது பெரும்பாலும் மாடு இறந்துபோனால் அதன் விலையைக் கொடுப்பதற்கு. மாடு என்பது குடும்பத்தின் வருமானம். அது போனால் வருமானம் போச்சு.

பூனையால் நமக்கு வருமானம் கிடையாது. பால் காணாமல் போவதுதான் மிச்சம்! பூனைக்கு எடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ், அது உயிரோடு இருந்து வைத்தியம் பார்க்கும்போது ஆகும் செலவைக் கொடுப்பதற்கு. சில பாலிசிகளில் பூனை இறந்தாலும், திருடு போனாலும் ஒரு தொகை தருவார்கள். அதற்குத் தனியாக பிரீமியம் கேட்டால் நன்றாக யோசியுங்கள். தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாட்டுப் பூனைக்கு விலை என்று எதைப் போடுவது? உங்களுக்கு உதவப்போவது வைத்தியச் செலவுக்கான பகுதிதான்.

வெளிநாட்டில் இது புதிதல்ல. ஸ்வீடனில் 1924-லேயே நாய்க்கு இன்ஷூரன்ஸ் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1982-ல் முதல் பாலிசியை வாங்கியது யார் தெரியுமா? டெலிவிஷனில் நடித்த 'லாஸி' நாய்! நம் நாட்டில் நாய்க்கான பாலிசிகள்தான் முதலில் வந்தன. பூனைக்கு இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது. அதனால் கம்பெனிக்குக் கம்பெனி விதிகள் வேறுபடுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது என்பது இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ரொம்பப் பொருந்தும்!

பூனைக்கு என்னென்ன செலவு வரும்?

இதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, தெரிந்தே வரும் செலவு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி ஆரம்பம். பிறகு 3, 4 வார இடைவெளியில் சுமார் 16 வாரம் வரை தொடர வேண்டும். மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி. அப்புறம் குடல் பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை ஆபரேஷன். இவை எப்போது வரும், எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே தெரியும். பொதுவாக இன்ஷூரன்ஸ் பாலிசிகள் இவற்றுக்குப் பணம் தருவதில்லை. இதை உங்கள் கையிலிருந்துதான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, திடீர் செலவு. இதுதான் ஆளைச் சாய்ப்பது. ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைப்பு ஏற்படுவது அடிக்கடி நடக்கும் விஷயம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் ரொம்பக் குறுகல். சின்னக் கல்லோ, சளி போன்ற கசடோ அடைத்துக்கொண்டால் ஒரு சொட்டும் வெளியே வராது. கழிவு ரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் உப்பு ஏறும், இதயம் தடுமாறும். ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். மயக்கம் கொடுத்து, குழாய் போட்டு, சலைன் ஏற்றி, சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருக்க வேண்டிவரும். திரும்ப வரவும் கூடும்.

அடுத்தது, மாடியிலிருந்து விழுவது. 'பூனை எங்கேயிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்' என்று நினைத்து பால்கனியைத் திறந்து போட்டுவிடுகிறோம். 1987-ல் நியூயார்க் கால்நடை மருத்துவர்கள், மாடிக் கட்டடங்களிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்டவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் மார்பில் அடி, தாடை முறிவு, கால் முறிவு என்று பல பூனைகள் பெரிய வைத்தியத்துக்குப் பிறகுதான் பிழைத்தன. உயிர் பிழைத்தது, பர்ஸ் பிழைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு ஆபத்து, பூக்கட்டும் நூல். மல்லிகைச் சரத்தின் நூலையோ, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஊசி நூலையோ விளையாட்டாக விழுங்கிவிடும். நூல் குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யாமல் தீராது. நூலின் நுனி வாயிலோ, மலத் துவாரத்திலோ தெரிந்தால் பிடித்து இழுத்துவிடாதீர்கள். குடல் அறுந்துபோகும். அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மூன்றாவது, நீண்ட நாள் செலவு. வயதான பூனைகளில் சிறுநீரகக் கோளாறு அதிகம். சர்க்கரை நோய் வந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனைகளும் உண்டு. இளம் பூனைகளைத் தாக்கும் 'எஃப்.ஐ.பி.' என்ற வைரஸ் நோய் ஒரு காலத்தில் வந்தால் போனதுதான். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு அந்த நிலைமை மாறிவிட்டது. ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்தை வழக்கமாக 84 நாள் கொடுத்தால் பெரும்பாலான பூனைகள் பிழைக்கின்றன. சந்தோஷம்தான். ஆனால் எடைக்குத் தகுந்த அளவில் தினமும் கொடுக்க வேண்டிய அந்த மருந்தும், இடையிடையே செய்யும் ரத்தப் பரிசோதனைகளும் சாதாரணக் குடும்பத்துக்குப் பெரிய பாரம்.

பார்த்தீர்களா? முதல் வகைக்கு இன்ஷூரன்ஸ் உதவாது. இரண்டாவது வகைக்கு நன்றாக உதவும். மூன்றாவது வகைக்கு, பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பொறுத்தது.

ஒரு வீட்டில் நடந்தது

என்னிடம் கழுத்து வலிக்கு வரும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில். அவர் வளர்க்கும் ஆண் பூனை ஒருநாள் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியிருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். மறுநாள் வாந்தி. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியார் மருத்துவமனை. சிறுநீர் அடைப்பு! "உடனே அட்மிட் பண்ணணும், அட்வான்ஸ் கட்டுங்க" என்றார்களாம். பென்ஷன் வர இன்னும் பத்து நாள். கையில் இருந்த வளையலை அடகு வைக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் பணம் வாங்கிக் கட்டியிருக்கிறார். பூனை பிழைத்தது. ஆனால் அந்தக் கடனை அடைக்க நான்கு மாதம் ஆயிற்று என்றார்.

"பணம் போனது கூடப் பெரிசில்லை டாக்டர். அந்த ராத்திரி, காப்பாத்தறதா வேண்டாமான்னு அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணச் சொன்னாங்களே... அதான் மறக்க முடியலை."

இதுதான் விஷயமே. அந்த ஐந்து நிமிஷ முடிவை, நிதானமாக இருக்கும் இன்றைக்கே எடுத்து வைப்பதற்குத்தான் இன்ஷூரன்ஸோ, சேமிப்போ தேவைப்படுகிறது.

முதலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

இன்று ராத்திரி உங்கள் பூனைக்கு 25,000 ரூபாய் செலவு என்று டாக்டர் சொன்னால், வட்டிக்கு வாங்காமல், வீட்டில் யாருடைய மருந்தையும் படிப்பையும் தொடாமல் கொடுக்க முடியுமா?

'முடியும்' என்றால் உங்களுக்கு இன்ஷூரன்ஸ் அவசியமில்லை. 'முடியாது, ஆனால் எப்படியாவது காப்பாற்றத்தான் பார்ப்பேன்' என்றால் உங்களுக்குத்தான் இது பொருந்தும். 'முடியாது, அவ்வளவு பெரிய வைத்தியத்துக்குப் போகவும் மாட்டேன்' என்பவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதையும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பெரிய நோய் வந்தால் எதுவரை வைத்தியம், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வலியில்லாமல் வைத்திருப்பது என்று. குழந்தைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வைத்துப் பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மனிதர்களுக்கே மெடிக்ளெய்ம் இல்லாமல் பூனைக்கு முதலில் எடுப்பது முறையல்ல. முதலில் குடும்பத்துக்கு எடுங்கள். தகுதி இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டையை வாங்கி வையுங்கள். அப்புறம்தான் பூனை. குடும்ப மெடிக்ளெய்முக்குக் கிடைக்கும் வருமான வரிச் சலுகை பூனை பாலிசிக்குக் கிடையாது. அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

பிரீமியம் பூனையின் வயது, ஜாதி, தொகை இவற்றைப் பொறுத்து மாறும். உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. வருஷ பிரீமியம் 3,000 ரூபாய். பாலிசித் தொகை 40,000 ரூபாய். ஒவ்வொரு பில்லிலும் 20 சதவீதம் உங்கள் பங்கு என்று வைத்துக்கொள்வோம்.

அடைப்பு ஏற்பட்டு 20,000 ரூபாய் பில் ஆகிறது. உங்கள் பங்கு 4,000. கம்பெனி தருவது 16,000. ஐந்து வருஷம் நீங்கள் கட்டியது 15,000. ஆக, ஐந்து வருஷத்தில் ஒரு முறை இந்த மாதிரி நடந்தால் கட்டிய பணம் திரும்பி வந்த மாதிரி. நடக்கவே இல்லை என்றால் 15,000 போனது போனதுதான்.

"அப்போ நஷ்டம்தானே?" என்று கேட்கக்கூடாது. கம்பெனிக்கு ஆபீஸ் செலவு, சம்பளம், லாபம் எல்லாம் உண்டு. ஆகவே பாலிசி எடுத்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து கட்டுவதைவிடத் திரும்ப வாங்குவது குறைவாகத்தான் இருக்கும். லாபத்துக்காக இன்ஷூரன்ஸ் எடுக்கக்கூடாது. தாங்க முடியாத அடியைத் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைப்பதற்குத்தான் அது.

இப்போது அதே பணத்தை நீங்களே சேர்த்தால்? மாதம் 250 ரூபாய் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போடுங்கள். முதல் வருஷக் கடைசியில் 3,000 சொச்சம்தான் இருக்கும். அப்போது அடைப்பு வந்தால் என்ன செய்வது? ஆனால் ஏழு வருஷம் போட்டிருந்தால் 21,000 ரூபாய்க்கு மேல், வட்டியோடு கையில் இருக்கும். எந்த நோய்க்கும், எந்த நிபந்தனையும் இல்லாமல் எடுக்கலாம்.

இதிலிருந்து ஒன்று புரியும். சேமிப்பு வளர்வதற்குள் வரும் ஆபத்துக்கு இன்ஷூரன்ஸ். வயதான காலத்தில் மெதுவாக வரும் நோய்க்குச் சேமிப்பு. வசதி உள்ளவர்கள் முதல் சில வருஷம் இரண்டையும் வைத்துக்கொண்டு, சேமிப்பு போதுமான அளவு சேர்ந்ததும் பாலிசியை விட்டுவிடலாம்.

கையெழுத்துப் போடும் முன்...

ஏஜெண்டிடம், அல்லது கம்பெனியிடம் இவற்றைக் கேளுங்கள். வாயால் சொல்லும் பதில் போதாது. பாலிசிப் பத்திரத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

1. ஆஸ்பத்திரியில் தங்கினால் மட்டும்தானா? சும்மா போய்க் காட்டிவிட்டு வரும் செலவும் உண்டா? பூனை வைத்தியத்தில் பாதிக்குமேல் காட்டிவிட்டு வருவதுதான்.

2. காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? பாலிசி எடுத்த மறுநாளே நோய்க்குப் பணம் கிடைக்காது. விபத்துக்கு ஒரு கணக்கு, நோய்க்கு ஒரு கணக்கு இருக்கலாம்.

3. ஏற்கனவே உள்ள நோய்க்கு என்ன விதி? போன வருஷம் ஒரு முறை அடைப்பு வந்த பூனைக்கு இப்போது பாலிசி எடுத்தால், பெரும்பாலும் அதற்குப் பணம் வராது. வெள்ளம் வரும் முன் அணை போட வேண்டும்.

4. பரம்பரை நோய் சேருமா? பெர்ஷியன் பூனைகளில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி உண்டாகும் பரம்பரைக் கோளாறு உண்டு. மெயின் கூன் ஜாதியில் இதயத் தசை தடிக்கும் நோய் உண்டு. இதை விலக்கிவிட்டால் அந்த ஜாதிக்குப் பாலிசியின் பயன் பாதியாகிவிடும்.

5. வயது வரம்பு என்ன? எந்த வயதுவரை சேரலாம், எந்த வயதுவரை புதுப்பிக்கலாம்? வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 12 முதல் 15 வருஷம், அதற்கு மேலும் வாழும். பாலிசி பாதியில் நின்றுவிட்டால் பிறகு என்ன?

6. ஒவ்வொரு நோய்க்கும் தனி உச்சவரம்பு உண்டா? பாலிசி 40,000 என்று இருக்கும். உள்ளே 'இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவுதான்' என்று சின்ன எழுத்தில் இருக்கும்.

7. உங்கள் பங்கு எத்தனை சதவீதம்?

8. பணம் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகுமா, நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டுமா? இது ரொம்ப முக்கியம். கட்டிவிட்டு வாங்குவது என்றால் பாலிசி இருந்தாலும் அந்த ராத்திரி கையில் காசு வேண்டும். மேலே சொன்ன ஆசிரியைக்கு அப்படி ஒரு பாலிசி இருந்திருந்தாலும் வளையல் வெளியே போயிருக்கும், திரும்பி வருவதுதான் சீக்கிரம் நடந்திருக்கும்! ஆகவே பாலிசி எடுப்பவர்களும் ஒரு சிறு தொகையைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

9. தடுப்பூசி அட்டை வேண்டுமா? தடுப்பூசி போட்டிருந்தால் வராத நோய்க்கு, போடாத பூனைக்குப் பல பாலிசிகளில் பணம் கிடையாது.

10. அடையாளம் எப்படி? போட்டோ போதுமா, மைக்ரோசிப் வேண்டுமா? மைக்ரோசிப் என்பது அரிசி மணி அளவில் இருக்கும். முதுகில் தோள் எலும்புகளுக்கு நடுவே ஊசி மூலம் தோலுக்கடியில் வைப்பார்கள். அதில் 15 இலக்க எண் இருக்கும். மாட்டுக் காதில் போடும் வில்லையின் வேலையைத்தான் இது செய்கிறது. பூனை தொலைந்தாலும் உதவும்.

யாருக்குப் பொருந்தும்?

இளம் பூனை, ஆரோக்கியமான பூனை, மாதச் சம்பளம் அல்லது பென்ஷனில் குடும்பம், பக்கத்தில் தனியார் மருத்துவமனை மட்டுமே உண்டு என்றால் பாலிசி எடுப்பதை யோசிக்கலாம். விலை கொடுத்து வாங்கிய பெர்ஷியன் என்றால் பரம்பரை நோய் விதியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

வயது பத்தைத் தாண்டிவிட்டது, ஏற்கனவே சிறுநீரக நோய் இருக்கிறது என்றால் பாலிசி தேடி அலையாமல் சேமிப்பில் கவனம் வையுங்கள். வீட்டில் ஐந்து, ஆறு பூனை என்றால் ஒவ்வொன்றுக்கும் பிரீமியம் கட்டிக் கட்டுபடியாகாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொதுச் சேமிப்பு வைப்பது நல்லது. தெருப் பூனைகளுக்குச் சோறு வைப்பவர்கள், அந்தப் பணத்தைக் கருத்தடைக்கும் ரேபிஸ் ஊசிக்கும் செலவிட்டால் பூனைக்கும் புண்ணியம், தெருவுக்கும் புண்ணியம்.

கையில் பணமும் இல்லை, பாலிசியும் இல்லை என்றால் கைவிட்டுவிடாதீர்கள். சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களிலும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உண்டு. தனியாரைவிடக் கட்டணம் ரொம்பக் குறைவு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது, எத்தனை மணிக்குத் திறக்கும், ராத்திரி டாக்டர் உண்டா என்று இன்றைக்கே விசாரித்துக் குறித்து வையுங்கள்.

வைத்தியன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை

"எதுக்கு சார் இன்ஷூரன்ஸ்? நம்ம நாட்டு மருந்து இருக்கே, நீங்களே பூனைக்கு ஏதாவது கொடுங்களேன்" என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. கொடுப்பதில்லை. நம் மரபில் மாட்டு வாகடம் என்று தனியாகவே உண்டு, உண்மைதான். ஆனால் பூனையின் ஈரல் மாட்டின் ஈரல் அல்ல, மனிதனின் ஈரலும் அல்ல. பல பொருட்களை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குக் குறைவு. நமக்கு மருந்தாவது அதற்கு நஞ்சாகலாம்.

காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஆஸ்பிரினும் ஆபத்து. வெங்காயம், பூண்டு ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரம், யூகலிப்டஸ் தைலம், வலித் தைலம் எதையும் மேலே தடவாதீர்கள். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும், எல்லாம் வயிற்றுக்குப் போய்விடும். பஸ்பம், செந்தூரம் கூடவே கூடாது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு அது விஷம். பூங்கொத்தில் வரும் லில்லிப் பூ பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். இந்த எச்சரிக்கைகளைக் கடைப்பிடிக்கக் காசு செலவில்லை. ஆனால் ஒரு பெரிய பில்லையே தடுத்துவிடும்.

பால்கனிக்கு வலை, தடுப்பூசி, காலத்தில் கருத்தடை, நிறையத் தண்ணீர், அளவான சாப்பாடு... பாலிசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவைதான் முதல் இன்ஷூரன்ஸ். வெறும் உலர் தீனி மட்டும் போடாமல் ஈரப்பதமுள்ள உணவும் கொடுங்கள். பெண் பூனைக்கு ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்தால் மார்பகக் கட்டி வரும் வாய்ப்பு மிகவும் குறையும். கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் பயமும் போகும்.

ஆண் பூனை முக்கிக்கொண்டே சிறுநீர் வராமல் இருப்பது, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஒரு நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது இவற்றைப் பார்த்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். பூனை உங்களைக் கடித்தாலோ, கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று அலட்சியம் வேண்டாம்.

பணம் தர மறுத்தால்?

பில், மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, டாக்டரின் குறிப்பு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். எத்தனை நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்த ஃபைலின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். காரணமில்லாமல் மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருஷத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

பூனையை ஒருமுறை டாக்டரிடம் காட்டி, எடை போட்டு, தடுப்பூசி அட்டையைச் சரி செய்யுங்கள். பாலிசி எடுப்பதாக இருந்தால் அந்த டாக்டரிடமே உடல்நலச் சான்றும் கேட்டு வாங்கலாம். இரண்டு கம்பெனிகளின் பாலிசி விவரத்தை வாங்கி, மேலே சொன்ன 10 கேள்விகளுக்கும் பதில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத முடியாத கேள்வி மூன்றுக்கு மேல் இருந்தால் அந்தப் பாலிசி வேண்டாம். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பூனை பெயரில் மாதம் ஒரு தொகை ஒதுக்க ஆரம்பியுங்கள். உண்டியல் ஆனாலும் சரி.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூட்டம் போட்டுத் தவித்ததாம். உங்கள் வீட்டில் அந்தத் தவிப்பு வேண்டாம். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். இன்று ஒரு மணி நேரம் பேசி எடுக்கும் முடிவு, என்றோ ஒரு ராத்திரி உங்களையும் காப்பாற்றும், மடியில் படுத்திருக்கும் அந்த ஜீவனையும் காப்பாற்றும்.